உனக்குக் கிடைத்த பாசிமண்

மாப்பிள்ளை,

இன்று காலை இங்கே வளைகுடாவில், நம் சோஹார் லேபில் ஓவனைத் திறந்ததும் கருகல் வாசம் முகத்தில் அடித்தது. பழைய பேரீச்சந்தோப்பில் எடுத்த மண். அதில் கிடந்த வேர்கள் சூட்டில் தீய்ந்திருந்தன. உன் ஞாபகம் வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. நீ செத்துச் சில மாதம் ஆகியும் அது மட்டும் சாகவில்லை.

இருவரும் ஒரே பாலிடெக்னிக். இங்கே ஒரே ரூம், ஒரே மண் பரிசோதனை வேலை. நான் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போன வாரம் பார்த்துத்தான் வட கனடா வேலைக்கு ஆள் கேட்டார்கள். டூட்டியில் இருந்தவன் நீ. நான் திரும்பி வந்தபோது உன் கட்டிலில் வேறொருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

போன புதிதில் நீ அடித்த கூத்தை மறக்க முடியுமா? உறைந்த நிலத்தில் குழாய் இறக்கி எடுத்த பாசிமண்ணை, இங்கே மணலைக் காயவைக்கும் அதே சூட்டில் ஓவனுக்குள் வைத்துவிட்டாய். ஓரமெல்லாம் கருகிப்போனது. "மண்ணுனு வச்சேன் மாப்ள, வெறகா போச்சு" என்று போனில் சிரித்தாய். உன்னைவிட நான் அதிகமாகச் சிரித்தேன். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. அனுப்பவில்லை.

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் காலிங் கார்டு போட்டுக் கதை சொன்னாய். பனிப்பாறை விலகிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கியதாம். கோரையும் பொடி இலை விடும் பாசியும் முளைத்தனவாம். செத்தவை ஈரத்திலும் குளிரிலும் முழுதாக அழுகாமல் படிய, அதன்மேல் அடுத்த வருஷத்துப் பாசி. இப்படியே ஆயிரக்கணக்கான வருஷம். பிறகு குளிர் கூடி அடி உறைந்தது, உள்ளே பனிக்கட்டி பருத்து நிலமே மேடாக எழும்பியது, மேடு காய்ந்ததும் குத்துச்செடிகள் வந்தன. அத்தனையையும் ஒரே குழாய் மண்ணில் விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறாய். "அடியில இருக்கிற பாசி நம்ம ஊர் கோயிலுக்கெல்லாம் முந்துனது மாப்ள. இன்னும் எல தெரியுது" என்றாய். வாரம் முழுக்க உப்பு மண்ணைச் சலித்த கையால் போனைப் பிடித்திருந்த எனக்கு எப்படி இருக்கும்? சோறு ஆறுகிறது என்று சொல்லி வைத்துவிடுவேன்.

நெஞ்சுவலி உன்னை அங்கேயே கொண்டுபோனது. அழுதேன், அதில் பொய் இல்லை. இன்று மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டு, உன் இடம் காலியாக இருக்கிறது, போகிறாயா என்று கேட்டார். யோசிக்காமல் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் சாவில் வந்த வேலையாயிற்றே என்ற கூச்சம் படியிறங்கும்போதுதான் வந்தது.

ரூமில் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறேன். பாசியை நான் எடுப்பேன், பார்ப்பேன். அந்த வெள்ளிக்கிழமையே உனக்குப் போன் போட்டு விடாமல் கதை அளக்க வேண்டும், அதைக் கேட்டு நீ ஒரு நாளாவது என்னைப் பார்த்து வயிறெரிய வேண்டும். இத்தனை வருஷம் நான் சுமந்த ஆசை அதுதான், இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை. அதற்கு நீ இருக்க வேண்டுமே.