வியாழக்கிழமை மெழுகு

காசா அமரேலா, ரெசிஃபி
ஜனவரி 29, வியாழன்

அன்புள்ள எடிலைனிக்கு,

இங்கே நானும் குழந்தையும் நலம். லிஸ்பனில் குளிர் எலும்பைக் கடிக்கிறதாம், அங்கிருந்து வந்திருக்கும் நியூசா சொன்னாள். சனிக்கிழமை விமானத்தில் அவள் கிளம்புகிறாள். ஒரு கிலோ மரவள்ளி மாவும், நீ கேட்ட இரண்டு கட்டி வெல்லமும், இந்தக் கடிதமும் அவள் பையில் இருக்கும். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஃபோனில் சொன்னால் நீ அழுவாய், நான் அடங்கிப்போவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் உன் அம்மாவைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை தனியாக இருக்கும்போது படி.

மெழுகு போட்டு மயிரை உரித்தெடுக்கும் வேலையை நீ நான்கு வருடம் பார்த்த அதே பார்லர் பின்னறையைத்தான் உன் அம்மா எனக்கு வாடகைக்குக் கொடுத்தாள் என்பது உனக்குத் தெரியும். வாரத்தில் நான்கு நாள் எனக்கு. வியாழக்கிழமை கிடையாது. அன்று பார்லரில் பாதி விலை நாள், அறை பூட்டியிருக்கும், சாவி என்னிடம் இருக்கும் என்று பேச்சு. காகிதம் எதுவும் எழுதவில்லை. எடிலைனியின் அம்மாவிடம் காகிதம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கதவில் உன் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுதிய அன்று உனக்குப் படம் அனுப்பினேன். நீ ஒரு இதயத்தை மட்டும் அனுப்பினாய். அது ஏன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

போன சனிக்கிழமை காலையில் ஜாசிரா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். ரொட்டிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கிறாளே, அவள்தான். பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். முழங்காலிலிருந்து தொடைவரை சீழ்க்கட்டிகள். ஐந்து நாள் காய்ச்சல், ஒரு வாரம் வேலை போச்சு. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. “கதவுல உன் பேர் இருக்குன்னுதானடி வந்தேன். பாதி விலைன்னா பாதி அழுக்கா? நின்னாத்தான்டி எனக்குச் சோறு” என்றாள். நான் அவளைத் தொடவே இல்லை என்றேன். பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை, என் அறையில், என் கட்டிலில், என் சட்டியிலிருந்து மெழுகு போட்டதாகச் சொன்னாள். நான் இப்போதுதான் சாப்பிடப் போயிருப்பதாகச் சொல்லி உன் அம்மாவே போட்டுவிட்டாளாம். அப்படியென்றால் அந்த அறைக்கு இன்னொரு சாவி இருக்கிறது.

சுகாதார நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் ஜாசிரா என்னிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் கதவையே பெயர்த்திருப்பேன்.

அன்றைய வேலையை முடித்துவிட்டு வந்து, ஞாயிறு முழுக்க என்னையே சந்தேகப்பட்டேன். இடுக்கியைக் கொதிக்க வைத்தேனா, விரிப்பை மாற்றினேனா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை ஆறரை மணிக்கே போய்விட்டேன். பின் சமையலறையில் வெளிச்சம் தெரிந்தது. அடுப்பில் அலுமினியச் சட்டி. அதன் வாயில் பழைய நைலான் காலுறை ஒன்றை இழுத்துக் கட்டி, உன் அம்மா மெழுகை உருக்கி வடித்துக்கொண்டிருந்தாள். வலையில் பெண்களின் மயிர் அப்பிக் கிடந்தது. காலடியில் பிரித்த குப்பைப் பை. அதில் இருந்தது நான் சனிக்கிழமை உரித்துப் போட்ட மெழுகு. என் கையால் நான்தான் முடிச்சுப் போட்டிருந்தேன்.

நினைவிருக்கிறதா, முந்தைய கடிதத்தில் உன் அம்மாவைப் புகழ்ந்து எழுதியிருந்தேனே? “நீ போம்மா, குழந்தை காத்துக்கிட்டிருக்கும், குப்பைய நான் பாத்துக்கறேன்” என்று தினமும் சொல்வாள், யார் இப்படிச் சொல்வார்கள் என்று. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் தப்பும் இதில் இருக்கிறது. உரித்த மெழுகின்மேல் காபிச் சக்கையைக் கொட்டிவிட்டுத்தான் பையைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் யாராவது எடுத்து உருக்குவார்கள் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நானும் நீயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டோம். உன் அம்மா கடையில் அப்படிச் செய்வது அவளை அவமதிப்பது என்று நினைத்து விட்டுவிட்டேன். மரியாதை பார்த்தேன். அதன் பலனை ஜாசிராவின் கால் அனுபவிக்கிறது.

உன் அம்மா பதறவே இல்லை. “கொதிச்சா எல்லாம் செத்துரும்டி. பலகாரக் கடைக்காரன் தினமும் எண்ணெய மாத்துறானா? அங்க போய்க் கேளேன்” என்றாள். சனிக்கிழமை வருகிற டாக்டர் மனைவிக்கும் இதைத்தான் போடுவீர்களா என்று கேட்டேன். கிளறிக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமைக் கால்களுக்குப் புது டப்பா. வியாழக்கிழமைக் கால்களுக்கு, வீட்டு வேலைக்காரிகளுக்கும் கல்லாவில் உட்காரும் பெண்களுக்கும் ரொட்டி விற்கிறவளுக்கும், டாக்டர் மனைவியின் மயிரை வடித்தெடுத்த மிச்சம். என் வயிறு எரிவது அழுக்கைப் பார்த்து அல்ல, எடிலைனி. யாருக்கு எதைப் போடலாம் என்று அவள் போட்டு வைத்திருக்கிற கணக்கைப் பார்த்து.

செவ்வாய்க்கிழமை ஒரு காகிதம் வந்தது. இத்தனை நாள் இல்லாத வாடகை ஒப்பந்தம், போன வருடத் தேதியோடு. அறையும் சட்டியும் மெழுகும் வாரத்தின் ஏழு நாளும் என் பொறுப்பு என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் ஜூன் வரைக்கும் வாடகை வேண்டாமாம். “உனக்கு வயசிருக்கு, இன்னொரு எடம் கெடைக்கும். எனக்கு இந்தக் கடைய விட்டா என்ன இருக்கு? எடிலைனி மொகத்த நெனச்சுப் போடு மகளே” என்றாள். கடையைக் கூட்டிப் பெருக்கும்போது நான் மகள், வாசலில் சுகாதார ஆய்வாளர் நின்றால் வாடகைக்காரி. இப்போது இரண்டும் ஒரே வாயில் வருகிறது. இன்னொரு இடம் எங்கே கிடைக்கும்? ஆய்வாளர் புத்தகத்தில் என் பெயர் ஏறினால் உரிமம் போகும். பிறகு இந்த ஊரில் எந்த பார்லரில் எனக்கு ஒரு கட்டில் தருவார்கள்?

கையெழுத்துப் போடவில்லை. கார்னிவலுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, வருடத்திலேயே அதிகம் வேலை வரும் நேரம். ஆனாலும் என் பொருட்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் காலுறையையும் எடுத்துக்கொண்டேன். ஒரு ஜாடியில் போட்டு மூடி அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். என் கல்யாணம் நடந்தது ஒரு சனிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் நீ எனக்கு மெழுகு போட்டாயே, அன்று வியாழக்கிழமை. சட்டி நிறைய மெழுகு தயாராக உருகிக்கொண்டிருந்தது. அதை ஒருமுறை பார்த்தாய். “இரு, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் தெருவைத் தாண்டி ஓடினாய். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் புது டப்பாவோடு வந்தாய். எனக்கு இப்படி ஒரு தோழி என்று இத்தனை வருடமாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

அது பிரியம்தான். இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்தச் சட்டியில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் பிறகு அன்று அந்தக் கட்டிலில் படுத்தவளுக்கு யார் மழையில் ஓடினார்கள்?

புதன்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வருகிறார். ஜாடியோடு நான் போவேன். நீ பேசினாலும் போவேன், பேசாவிட்டாலும் போவேன். ஆனால் நான் வாடகைக்காரி, அவள் இருபது வருடக் கடைக்காரி. நீ அவள் பெற்ற மகள், அந்த அறையில் நான்கு வருடம் நின்றவள். நீ சொன்னால் எழுதிக்கொள்வார்கள். ஆய்வாளரின் ஃபோன் நம்பரைத் தனித்தாளில் எழுதி வெல்லக்கட்டியோடு சுற்றி வைத்திருக்கிறேன்.

அந்த ஊர்க் குளிர் உன்னை ஒன்றும் செய்யாமல் கடவுள் காக்கட்டும். போர்த்திக்கொண்டு வெளியே போ, வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆனால் எடிலைனி, எனக்காக இன்னும் ஒரே ஒருமுறை நனை.

உன்,
ஜோசினெய்டி