சுவர்க்கோழித் தூளும் வரிமீன் முட்டைகளும்

ஜூன் 9, திங்கள்
தொட்டிகளுக்குச் சீட்டு ஒட்டியாயிற்று. இடப்பக்கம் எட்டுக்கு வழக்கமான மீன்தூள் தீனி, வலப்பக்கம் எட்டுக்கு என் சுவர்க்கோழிப் பூச்சித் தூள். பன்னிரண்டு வாரம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இந்த வரிமீன்கள் எத்தனை முட்டை இடும் என்பதை வைத்துத்தான் டிசம்பரில் எனக்குப் பட்டம்.

ஆய்வக மீனுக்காகக் கடல்மீனை அரைப்பானேன், பூச்சி போடலாமே என்பது என் வாதம். எங்கள் ஆய்வக சீனியர் கொம்சன் அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. "நம்ம கோன்கேன் ஊர்ல நாமளே வறுத்துத் திங்கிறோம், மீனு திங்காதா? இதுக்கு ஒரு ஆராய்ச்சியாக்கும்."

ஜூன் 10
தின்கின்றன.

ஜூலை 14, திங்கள்
காலை விளக்குப் போட்டதும் முட்டை எண்ணினோம். மீன்தூள் பக்கம் தாய்மீன் ஒன்றுக்கு 140. என் பக்கம் 180! என் வழிகாட்டிப் பேராசிரியர் சுவிமோன் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "துக்தா, திரும்ப எண்ணு." எண்ணினேன், அதேதான். மாலைக்குள் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 18
கொம்சன் அண்ணன் நாசமாய்ப் போக.

வாராவாரம் அரைப்பதற்காக உறையவைத்திருந்த சுவர்க்கோழி மூட்டையில் முக்கால்வாசி காலி. நேற்றுப் பந்தாட்டத்தில் ஜெயித்ததற்கு நாலு பேர் சேர்ந்து எலுமிச்சை இலை போட்டு வறுத்துத் தின்றிருக்கிறார்கள்.

"பையில 'மீன் உணவு'ன்னு எழுதியிருந்துச்சே, பாக்கலியா?"

"பாத்தேன். யாரும் எடுக்கக்கூடாதுன்னு நீ தந்திரமா எழுதியிருக்கேன்னு நெனச்சேன்." அதோடு விட்டாரா? "மொறுமொறுன்னு நல்லாத்தான் இருந்துச்சு, துக்தா."

ஜூலை 19
வண்டியை எடுத்துக்கொண்டு, சுவர்க்கோழி வளர்க்கும் புன்ருவன் அத்தையின் பண்ணைக்குப் போனேன். போன தடவை வாங்கிய அதே கொட்டகை.

"அதுக்குள்ள அம்புட்டையும் தின்னுட்டியா? ஒல்லியாத்தானே இருக்கே."

எனக்கில்லை, மீனுக்கு என்றேன். ஆய்வைப் பற்றிப் பெருமையாகக் கால்மணி நேரம் அளந்தேன். அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மிச்சத்தை வைத்து அதுவரை ஓட்டிவிடலாம்.

ஆகஸ்ட் 20
என் பக்கம் 142.

ஆகஸ்ட் 21
139. தண்ணீர் சரி, வெளிச்சம் சரி, சூடு சரி. பிறகு என்னதான் வந்தது இந்த மீன்களுக்கு?

ஆகஸ்ட் 23, சனி
மாறியது மூட்டை ஒன்றுதான். அத்தையிடமே போய்க் கேட்டேன். மூடி மறைக்காமல் சொன்னாள்:

"மொத மூட்டை நீ திங்கத்தான் வாங்குறேன்னு நெனச்சேன்மா. அதான் கடைசி வாரம் பூசணிக்காய் போட்டு வளத்தேன். மனுசன் திங்கிற சரக்குக்குப் பூசணி போட்டாத்தான் ருசி. ரெண்டாவது மீனுக்குன்னே. மீனு என்ன ருசி பாக்கவா போவுது? வெறும் கோழித்தீவனத்தோட அனுப்பிட்டேன்."

இங்கே எல்லாப் பண்ணையிலும் அப்படித்தான். எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கத் தோன்றவில்லை, முட்டாள் எனக்கு.

ஆகஸ்ட் 24
அப்படியானால் அந்த 180 பூசணியின் வேலையா?

முதல் ஐந்து வாரக் கணக்கை மட்டும் எழுதி, அதோடு ஆய்வு முடிந்தது என்றால் யாருக்குத் தெரியும்? டீச்சருக்குத் தெரியாது. மாநாட்டுக்குத் தெரியாது. டிசம்பரில் பட்டம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான் போல. பயமா இருக்கு. சொன்னாலும் பயம், சொல்லாட்டியும் பயம். அம்மாகிட்ட வேற டிசம்பர்னு சொல்லித் தொலைச்சுட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்
சொல்லிவிட்டேன்.

டீச்சர் இரண்டு மூட்டைகளின் தேதிகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "மாநாட்டுக்கு நான் எழுதிடறேன், சுருக்கத்தத் திரும்ப எடுத்துக்கறோம்னு" என்றார். வாசல் வரை போனவளைக் கூப்பிட்டார். "புது மீன், ஒரே மூட்டை, முதல்லேர்ந்து போடு. பூசணிக்கும் தனித் தொட்டி வை."

டிசம்பர் போயிற்று. கழிவறையில் அழுதேன்.

செப்டம்பர் 15
புது மீன்கள் தொட்டிக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தீனி போடும் முறையை கொம்சன் அண்ணன் தானாகவே ஏற்றுக்கொண்டார். தின்ற குற்றம் உறுத்துகிறதாம்.

நவம்பர் 2
இன்று ஞாயிறு, கொம்சன் அண்ணன் இந்த வாரமும் மறக்கவில்லை. பத்து நிமிடம் முன்னதாகவே போட்டிருக்கிறார்.

டிசம்பர் 12, வெள்ளி
பன்னிரண்டு வாரமும் முடிந்து கடைசிக் கணக்கு. பூசணி சேர்த்த தொட்டிகளில், மீன்தூளோ பூச்சியோ, எதுவானாலும் 175க்கு மேல். பூசணி இல்லாமல் மீன்தூளுக்கு 139, சுவர்க்கோழிக்கு 141.

டீச்சர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு முட்டைதான் கூட. அத ஒரு வித்தியாசம்னு சொல்ல முடியாது."

"முடியாது டீச்சர்."

"அப்ப கடல்மீன் இல்லாமலே வளக்கலாம். இத நம்பலாம், எழுது. ஏப்ரல்ல பட்டத் தேர்வு வச்சிக்கலாம்."

அறைக்கு வந்து முதல் வரியைத் தட்டினேன்: 'இரு தீனிகளுக்கும் இடையே வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.' மூன்று தடவை படித்துவிட்டு அம்மாவைப் போனில் கூப்பிட்டு, ஏப்ரல் என்றேன்.