சீனப் பத்தியம், முதல் பக்கம் மட்டும்

நவம்பர் 4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. இவரைச் சீன வைத்தியம் பார்க்கும் ஜெர்மன்காரியிடம் கூட்டிப் போனேன். வயிறு ஊதல், எந்நேரமும் களைப்பு. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தா. மண்ணீரல் சோர்ந்துவிட்டதாம், இனிப்புச் சுவைதான் அதைத் தேற்றுமாம். ஜெர்மனில் இரண்டு பக்கத் தாள் ஒன்று தந்தா.

காருக்குள்ளேயே இவர் தொடங்கிவிட்டார். "தமிழில எழுதித் தாருமப்பா, எங்கட ஆக்களின்ர வட்ஸ்அப் குறூப்பில போடுவம்."

அரிசிக் கஞ்சி, பூசணி, கரட், வற்றாளங்கிழங்கு, தினை, பேரீச்சம்பழம், தேன். முதல் பக்கம் எழுதிக் கொடுத்தேன். மற்றது நாளைக்கு. உடுப்புத் தோய்க்க வேண்டும்.

நவம்பர் 8, சனி
தமிழ்க் கடையில் பூசணி முடிந்துவிட்டது. கடைக்கார அக்கா சிரிக்கிறா: "உங்கட சீனப் பத்தியம் எனக்கும் வந்தது."

போனைத் திறந்து பார்த்தால், மேலே கொட்டை எழுத்தில்: 'இனிப்பு உடம்புக்கு நல்லது. மொழிபெயர்ப்பு: வதனி.' இவரின் வேலை! பத்திக்கொண்டு வந்தது.

"ஆரைக் கேட்டு என்ர பேரைப் போட்டனீங்கள்?"

"உம்மட பேரைப் போட்டாத்தானே சனம் நம்பும். எல்லாற்ற ஜெர்மன் கடிதமும் நீர்தானே வாசிச்சுக் குடுக்கிறீர்."

இரவுச் சமையல் இல்லை. பாண் தின்னட்டும்.

நவம்பர் 10, திங்கள்
டோர்ட்மண்டிலிருந்து ரதி அக்காவின் மகள் போன் எடுத்தாள். அக்கா ஆஸ்பத்திரியில். அவவும் குறூப்பில் இருக்கிறா; பல வருடச் சீனி வருத்தக்காரி. ஐந்து நாளாகக் கஞ்சிக்குத் தேன், தேத்தண்ணிக்குப் பேரீச்சம்பழம். சீனி ஏறி, தலைசுற்றிப் படியில் விழுந்து கை முறிவு.

"அன்ரி, அம்மா உங்கட பேரைப் பாத்துத்தான் சாப்பிட்டவ." அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டாம் பக்கம் சமையல் மேசையிலேயே, கோப்பிக் கறையோடு. இனிப்பு என்றால் தானியத்தையும் கிழங்கையும் மெல்லும்போது வரும் மெல்லிய இனிப்பு. தேன், பேரீச்சை கொஞ்சமே கொஞ்சம். அளவு கூடினால் அதே மண்ணீரலுக்குக் கேடு. சீனி வருத்தக்காரர் டொக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. கடைசி வரி தடித்த எழுத்தில்.

இவர்: "நான் என்ன, தேனைக் குடிக்கச் சொன்னனானே?"

"வாயை மூடுங்கோ!" கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் முதல் தடவை.

இவரைத் திட்டி என்ன? அந்தத் தடித்த வரியைச் செவ்வாய்க்கிழமையே கண்டேன். கண்டுவிட்டுத்தான் உடுப்புத் தோய்க்கப் போனேன். மூதேவி நான்.

மிச்சத்தை எழுதிக் குழுவில் போட்டேன். மூன்று பேர் கும்பிடு படம் அனுப்பியிருக்கிறார்கள். வாசித்தார்களோ தெரியாது.

நவம்பர் 11, செவ்வாய்
வேலைக்கு லீவு. ரயில் தாமதம். டோர்ட்மண்ட் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி. ரதி அக்காவின் வலது கை முழுக்கக் கட்டு.

ஒளிக்காமல் சொன்னேன். "அக்கா, ரெண்டாம் பக்கத்தை நான் எழுதேல்லை. கண்டனான், எழுதேல்லை."

திட்டுவா என்று நின்றேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

"பரவாயில்லை வதனி. இருமன்."

கட்டிலில் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று, உறை கிழித்தபடி. வழக்கம்போலக் கையை நீட்டினேன். அக்கா அதை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தா.

"வேண்டாம். பின்னேரம் மகள் வருவாள், அவள் வாசிப்பாள்."