உங்கள் பங்குச் சோறு

கோட்டகம், கூத்தாநல்லூர் வழி
9.8.2017

அன்புள்ள மாமா,

வர மனமில்லாமல் இல்லை. சிறையில் மனுப் போட்டு உங்களைப் பார்க்க வந்தால் வரிசையில் நிற்க வேண்டும். கம்பிக்கு அப்பாலிருந்து நீங்கள் என்னை முழுதாகப் பார்ப்பீர்கள். ஆபரேஷன் முடியட்டும். இரைப்பையைச் சுருக்கிவிட்டால் ஒரு வருடத்தில் உடம்பு பாதியாகிவிடும் என்கிறார்கள். அந்த உடம்போடு வருகிறேன்.

தஞ்சாவூர் டாக்டர், ராத்திரி எழுந்து சாப்பிடுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு தூக்கம் பற்றிக் கேட்டார். "பக்கத்துல படுக்கிறவங்களக் கேட்டுட்டு வாங்கம்மா. வெறும் குறட்டையா, மூச்சே நிக்குதான்னு. மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்ன எனக்குத் தெரியணும்."

பக்கத்தில் யார் படுக்கிறார்கள்? நீங்கள் வயலில் மோட்டார் கொட்டகையில் படுக்கப் போய் இரண்டு வருடம். எதிர்வீட்டுக் காளியம்மாள் அக்காவைக் கேட்டேன். "நீ தூங்குனா எங்க வீட்டு நாய் குலைக்கிறத நிறுத்திட்டுக் கேக்குது டீச்சரு" என்றாள். சிரித்தேன். இதை டாக்டரிடம் சொல்ல முடியாது. நீங்கள் எழுதுங்கள்.

எரிவாயுக் குழாய் மறியலில் உங்களைப் பிடித்துக்கொண்டு போன இடத்தில் மண் மேடாகவே கிடக்கிறது. ஆற்றில் தண்ணீர் வரவில்லை.

உங்கள் மனைவி,
அம்சம்


திருச்சி சிறை
20.8.2017

அன்பு அம்சத்துக்கு,

நிற்கும். உன் மூச்சு நிற்கும்போது நானும் என்னுடையதைப் பிடித்துக்கொள்வேன், உனக்குத் திரும்ப வரும்வரை. தோளைப் பிடித்து உலுக்கினால், குறட்டைக்காகத் திட்டுகிறேன் என்று அழுவாய். விடியும்போது இரண்டு பேருக்கும் சேர்த்து மூச்சு விட்ட களைப்பு எனக்கு. குழாய்க்காரர்கள் நிலம் அளக்க வந்தார்கள். வயலுக்குக் காவல் என்று கொட்டகைக்குப் போனேன். அவர்களுக்கு எதிராகக் கோஷம் போட்டபோதும் உள்ளே கொஞ்சம் நன்றி இருந்தது.

இன்னொன்று. காலையில் கொட்டகையிலிருந்து வந்தால், எனக்கென்று நீ தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்திருக்கும். பூனை என்பாய். பூனை பானையைக் கழுவுமா? நான் கேட்டதில்லை. டாக்டரிடம் அதையும் சொல்லிவிடு.

வெளியே வந்தாலும் கொட்டகையில்தான் படுப்பேன். காவல் வேண்டியிருக்கிறது.

தங்கையன்


கோட்டகம்
4.9.2017

மாமா,

ராத்திரி சாப்பிடுவதில்லை என்று டாக்டரிடம் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. என் பங்கைத்தான் சொன்னேன். மூச்சு முட்டி எழுந்தால் மறுபடி கண்ணை மூடப் பயம். அடுக்களையில் உங்கள் பங்கு இருக்கும். நீங்கள் சிறைக்குப் போன பிறகும் இரண்டு பேருக்கே வடித்தேன். உங்கள் பானையில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். அது உங்களுடையது. அதை நான் சாப்பிட்டதாக எண்ணியதே இல்லை.

போன வாரம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கடிதத்தையும் படிக்கக் கொடுத்தேன், பூனை உட்பட. டாக்டர் சிரிக்கவில்லை. ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார். முதலில் தூங்க வேண்டுமாம். மூக்கில் மாட்டிக்கொள்ள, காற்று ஊதும் ஒரு மிஷின் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேச வேறொரு டாக்டரம்மா. அந்தப் பாதி உடம்பு இப்போதைக்கு இல்லை. நான் அங்கே வருவதும் இல்லை.

நேற்று மிஷினை மாட்டிக்கொண்டு படுத்தேன். கண் விழித்தபோது விடிந்திருந்தது. யாரும் உலுக்கவில்லை. உங்கள் பானை நிறைந்தபடி இருந்தது, புளித்து. மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன்.

பானையைக் கழுவிப் பரணில் வைத்தேன். ஒரு ஆளுக்கு அரிசி களைந்து உலையில் போட்டேன்.

அம்சம்