டால்பினுக்கு முதுகு காட்டியவர்

ஞாயிறு இரவு, ஷார்ஜா.

வண்டன்மேட்டிலிருந்து வந்திருக்கும் மாமனாருக்குக் கடல் காட்டலாம் என்று இன்று எல்லை தாண்டி ஓமன் போனோம். எனக்குக் கிடைப்பதே வாரத்தில் ஒரு நாள் லீவு. நாலு மணிக்கே எழுந்து புளிசாதம் கட்டினேன்.

டால்பின் காட்டும் படகில் ஏறியதும் ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் காப்பி கொடுத்தார்கள், ஏலக்காய் போட்டது. மாமா ஒரு வாய் குடித்தார். அவ்வளவுதான், போச்சு. முப்பது வருசமாக வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் மனுசன். நேராகப் படகுக்காரரிடம் போய் ஏலக்காய் டப்பாவை வாங்கி, உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாக உரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, டால்பின்! இங்க திரும்புங்க!" என்று கத்தினேன். மகள் கத்தினாள். படகே கத்தியது.

"இரும்மா. இது நம்ம காயே இல்ல. மணமே கிடையாது," என்றார், திரும்பாமலே.

நாலு டால்பின் வந்தது, குதித்தது, போயும் விட்டது.

வீட்டுக்கு வந்து அவர் சட்டையைத் துவைக்க எடுத்தால், பையில் அந்த டப்பாக் காய் ஐந்தாறு. ஊரில் கொண்டுபோய்க் காட்டத்தான் இருக்கும். வந்த கோபத்தில் அத்தனையையும் தட்டி டீயில் போட்டுக் கொடுத்தேன்.

கண்ணை மூடி உறிஞ்சினார். "பாத்தியாம்மா, இதான் வண்டன்மேட்டுக் காய்!"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், அந்த டப்பாவை இன்னொரு தடவை பார்க்க அடுத்த ஞாயிறும் ஓமன் போக வேண்டிவரும்.