போனிடம் கேட்டதற்கு அம்மாவின் பதில்

அன்பு மகள் சிவசக்திக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும். உன் அப்பாவின் வாய் மட்டும்தான் சுகமில்லை, மூடமாட்டேன் என்கிறது. அம்மாக்கிட்ட சொல்லிறாதீங்கப்பா என்று நீ போனில் அழுத விஷயம் அன்றைக்குச் சாப்பாட்டிலேயே ரொட்டியோடும் சம்பலோடும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. ஜப்பான் பாஷைப் பரீட்சையில் இரண்டாவது தடவையும் கோட்டை விட்டாயாம், இன்னும் ஒரு தடவைதான் எழுத விடுவார்களாம், அதற்கு முன்னாலேயே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று யோசிக்கிறாயாம். அது போகட்டும், அதை நீ முதலில் போனுக்குள் இருந்து பதில் சொல்கிற அந்தச் சாமானிடம் கேட்டாயாமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வரலாமா என்று கேட்க அது என்ன உன் மாமியாரா? வந்தால் நன்மை பத்து, தீமை பத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் முடிவு உங்கள் கையில் என்றதாம். இதைச் சொல்ல நம் கோயில் பூசாரி போதுமே, ஒரு தேங்காய் மூடியோடு முடிந்திருக்கும். அதனால் அது சொல்லாததை நான் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

முதலில் காசு. நகையை அடகு வைத்துத்தானே அனுப்பினீர்கள், வெறுங்கையோடு எப்படி வருவது என்று கேட்டாயாம். நகை பாங்கில் பத்திரமாக இருக்கிறது, வீட்டில் இருந்திருந்தால்தான் ஆபத்து. போன மாதம் உங்களுக்கு லொத்தர் சீட்டில் கார் விழுந்திருக்கிறது, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்று எவனோ உன் அப்பாவிடம் பேசினான். நம் லயத்து வீடுகளுக்கு வருகிற பாதையில் ஓட்டோவே ஏறாது, கார் எங்கே ஏறும் என்று ஒரு மனுஷன் யோசிக்க வேண்டாமா? அவர் அதற்குள் மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்க நின்ற அத்தனை பேரிடமும் வெள்ளைக் கலர்தான் கேட்கப் போறேன் என்று சொல்லி முடித்துவிட்டார். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுது என்பானாம். நான் போனைப் பிடுங்கி அரிசி வாளிக்குள் புதைத்தேன், இரண்டு நாளாக வாளிதான் மணியடித்துக்கொண்டு கிடந்தது. நகையை மீட்பது எங்கள் பாடு, அதை நினைத்து நீ சாப்பிடாமல் கிடக்காதே.

இனி பாஷை. ஒரு கதை இருக்கிறது, அதன் பின்பாதியை உன்னிடமும் சொல்லவில்லை, உன் அப்பாவிடமும் சொல்லவில்லை, அவரிடம் சொன்னால் பண்டாரவளை வரைக்கும் போய்விடும். சித்திரையில் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களம். பேசு என்றால் சந்தையில் சிங்களத்திலேயே சண்டை பிடிப்பேன், எழுத்தைக் கண்டால்தான் முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி இருக்கும். நீ சொல்லித் தந்தபடி போன் கமராவைப் பிடித்துத் தமிழில் மாற்றிப் பார்த்தேன், டாக்டரின் கையெழுத்தைக் கண்டு அதுவும் திணறிப் போனது. வழக்கம்போலப் பெரகல சந்தியில் ஜாபிர் நாநாவின் கடைக்குக் கொண்டு போனேன். தங்கமான மனுஷன், ஆனால் எந்தக் கடிதத்தையும் மனதுக்குள் படித்துப் பழக்கமில்லை. பத்துப் பேர் சாமான் வாங்க நிற்கிறார்கள், ஒரு கையில் கருவாட்டை நிறுத்தபடி, நல்லம்மாக்கா, ஒங்களுக்கு மூலமாம், கொச்சிக்கா, ஒறைப்பு ஒண்டும் தின்ன வாணாமாம், பதினாலாம் தேதி வந்து காட்டணுமாம் என்று ஊருக்கே வாசித்துவிட்டார். அதற்குப் பிறகு மலையில் கொழுந்து பறிக்கிற இடத்தில் நான் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தாலும் சிரிப்புத்தான்.

அந்தக் கடுப்பில் போய்ச் சேர்ந்தேன், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நளீரா டீச்சர் நடத்துகிற சிங்கள வகுப்பில். உன் அப்பாவிடம் பஜனை என்று சொல்லியிருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருகிறேன், என் வியாதிக்கும் அந்தப் பெஞ்சுக்கும் ஆகாது என்பது வேறு கதை. முதல் பரீட்சையில் நூற்றுக்கு இருபத்தாறு புள்ளி, இப்போது வைத்ததில் முப்பத்தொன்று. அன்றைக்கு நான் அழுதேன் மகள். முப்பத்தைந்து வருஷமாகக் கொழுந்து பறிக்கிறேன், கங்காணி ஒரு நாள் குறை சொன்னதில்லை, ஒரு தாள் என்னை அழ வைத்துவிட்டது. அடியில் டீச்சர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார், சிங்களத்தில். இந்த வயதில் உங்களுக்கு இது வேண்டாத வேலை என்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். ஜாபிர் நாநாவிடம் நீட்டினால் ஒரு நிமிஷ வேலை, நீட்டவில்லை. வகுப்பில் எழுதின கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி நாலாவது நாள் வாசித்து முடித்தேன். அடுத்த கிழமையும் வாங்க என்று இருந்தது.

உன் கேள்விக்கு வருகிறேன். வரலாமா என்றால் வரலாம், இது உன் வீடு, எவராவது ஏன் வந்தாய் என்று கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன், என் வாய் உனக்குத் தெரியும். நீ பார்க்கிற அந்த முதியோர் இல்லத்து வேலை பிடிக்கவில்லை, உடம்புக்கு முடியவில்லை, எங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால் நாளைக்கே கிளம்பி வா. பரீட்சையில் தோற்ற வெட்கத்துக்காக மட்டும் வராதே. அதை வைக்க இந்த வீட்டில் இடமில்லை, என்னுடையதே கிடக்கிறது. நீ ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அடம் பிடிக்கிற அந்த ஜப்பான் பாட்டி ஒரு நாளாவது உன் புள்ளியைக் கேட்டாளா?

கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, நூடில்ஸையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, என் வியாதி பரம்பரை வியாதியாம். மாரியாத்தா உன் பக்கத்திலேயே இருப்பாள், உனக்கு ஒரு குறையும் வராது. இத்தோடு என் பரீட்சைத் தாளை வைத்திருக்கிறேன், போனில் படம் எடுத்தால் உன் அப்பா பார்த்துவிடுவார், அதனால்தான் தபால். திருத்தம் எழுதிக் காட்ட வேண்டுமாம், மறக்காமல் திருப்பி அனுப்பு. கூடவே உன் புள்ளித் தாளையும் வைத்து அனுப்பு, எனக்கு ஒன்றும் விளங்காது, இருந்தாலும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முப்பத்தொரு புள்ளி வாங்கிய உன் அம்மா,
நல்லம்மா.