பாரை ஏழும் சூரை பன்னிரண்டும்

என்ர அன்பு மாமிக்கு,

மரண அறிவித்தல். கொழும்பைப் பிறப்பிடமாகவும், ஓர்ஸ் ஹில்லில் எங்கட முன்னறை யன்னலோரத்தை வதிவிடமாகவும் கொண்ட சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை அவர்கள், கடந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பாவின் பாரம் தாங்க ஏலாமல் பின்னங்கால் முறிந்து காலமானார். அன்னார், நீங்கள் ஐந்து மாதம் இருந்து வேலை செய்த ஒரே கதிரையாவார். பூதவுடல் கிணற்றடியில் வைக்கப்பட்டுள்ளது. உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மருமகன்.

விழுந்த சத்தத்துக்கு, ஊருக்குள் மேய வந்து கேற்றடியில் நின்ற மான் இரண்டும் பறந்தடித்து ஓடின. அம்மா குசினியிலிருந்து வந்து முதலில் கதிரையைத் தூக்கினா. அப்பாவை நான்தான் தூக்கினேன். "மச்சாள் இருந்த கதிரையெல்லோ" என்று அம்மா சொன்னா. அப்பா முறிந்த துண்டைக் கதிரையில் பொருத்திப் பார்த்தார். தன்ர தங்கச்சி நீங்கள் போன நாளிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அவர் அதில் இருந்துதான் துறைமுகத்தைப் பார்க்கிறவர். வீட்டில் வேறு கதிரை இல்லாமலா?

சரி, இனிப் பெரிய செய்தி. உங்கட புற்றுநோய் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்திட்டுது மாமி. அவுஸ்திரேலியாவில் உங்களோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்த லிண்டா அனுப்பினா. கட்டியைப் பற்றிய உரை என்பதால்தான் அதுக்குக் கட்டுரை என்று பெயர் வந்ததாக நீங்கள் இருந்தபோதே நான் விளக்கம் சொன்னேன், ஞாபகமா? தலையணையால் எறிந்தீங்கள். உங்கட பெயர் முதலாவதாக இருக்கு. பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி. காலமானவர்களுக்கு அப்படிப் போடுவார்களாம். அப்பா அந்தக் குறியை விரலால் தடவிப் பார்த்தார், அச்சுப்பிழை ஏதோ துடைத்தால் போய்விடும் என்பது போல.

கடைசியில், நன்றி சொல்லுகிற இடத்தில், என்ர முழுப்பெயர்!

அதுக்குப் பிறகு ஊர் என்னைத் தாங்கவில்லை, நானும் என்னைத் தாங்கவில்லை. மாமியின் புற்றுநோய் ஆராய்ச்சியில் பாதி எண்ணினது நான்தான் என்று போகிற வருகிற எல்லோருக்கும் சொன்னேன். பஸ் ஸ்ராண்டடித் தேத்தண்ணிக் கடையில் நஸீம் எழும்பி நின்று, "கான்சரை ஒழிச்ச டொக்டர் வாறார், வழி விடுங்கோ" என்றான். கிண்ணியாவிலிருந்து எங்கட வகுப்புக்கு வருகிற அதே நஸீம்தான். நான் மறுக்கவில்லை. கையைக்கூட அசைத்தேன். அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஓட்டோக்கார அண்ணை ஒருவர் போய், தன்ர மாமனாரின் ஸ்கான் ரிப்போட்டை எடுத்துவந்து மரியாதையாக என்னிடம் நீட்டினார். நான் அதைப் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, "ம்ம்" என்று தலையாட்டிக் கொடுத்தேன்.

இப்போது பாடசாலையில் வரும் திங்கட்கிழமை விஞ்ஞான மன்றக் கூட்டம். 'புற்றுநோய் ஆராய்ச்சியில் எங்கள் மாணவன்' என்று அறிவித்தல் பலகையில் எழுதியாயிற்று. எல்லா வகுப்புக்கும் முன்னால் நான் பேசவேணும். அதுக்கு முதல் உங்களோடு ஒரு விசயம் கதைத்துத் தீர்க்கவேணும். அங்கே உங்கட பக்கத்தில் நின்று இதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.

நீங்கள் நெஞ்சுக்குள் புது வால்வு பூட்டிக்கொண்டு ஆறுதலெடுக்க எங்கட வீட்டுக்கு வந்தபோது ஒரு மாதம் என்றுதான் கதை. வந்த முதல் கிழமையே தேத்தண்ணிக்குள் உப்புப் போட்டேன். வால்வுக்காரருக்கு உப்புக் கூடாது என்று அம்மா அகப்பையோடு என்னைத் துரத்த, நீங்கள் முகம் மாறாமல் ஒரு மிடறு குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு, அண்ணாவுக்கும் ஒண்டு போடு" என்றீங்கள். அடுத்த நாள் காலையில் என்ர பல்லுத்தூரிகையில் வேப்பெண்ணெய். அன்றைக்கே விளங்கியது, வீட்டுக்கு வந்தது நோயாளி இல்லை, போட்டியாளர் என்று.

செத்தவீட்டில் சனம் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "கான்சரோ?" என்று கேட்டது. இல்லை, இதயம் என்றதும் சிலருக்கு ஏமாற்றம். நீங்கள் நின்றிருந்தால் அந்த முகங்களைப் பார்த்துச் சிரித்திருப்பீங்கள். யாரோடு சிரிக்கிறது என்று தெரியாமல் நான் கிணற்றடிக்குப் போனேன்.

அந்தக் கிணற்றடியில் ஒழுகுகிற ரப்பர் பைப்பைக் காட்டித்தான் ஒருநாள் உங்கட வேலை என்னவென்று சொன்னீங்கள். கட்டி வளர்வதுக்கு ரத்தம் வேணும்; அதனால் அது அவசர அவசரமாகத் தனக்கென்று குழாய் போடும். எல்லாம் கோணல், எல்லாம் ஒழுகல். மருந்தும் ஒழுங்காய்ப் போய்ச்சேராது. நோயோடு சண்டை பிடிக்கிற வெள்ளை ரத்தக் கலங்களுக்கும் உள்ளே இறங்க வழி கிடையாது. அந்தக் குழாய்களை அறுத்துக் கட்டியைப் பட்டினி போடலாம் என்றுதான் முந்திக் கனபேர் நினைத்தார்களாம். உங்கட ஆட்கள், அறுக்காமல் அளவாகத் திருத்தினால் என்ன என்று எலிகளில் பார்த்தீங்கள்.

"கள்ளன்ர வீட்டுக்கு நீங்களே றோட்டுப் போட்டுக் குடுக்கிறீங்களோ மாமி?"

"ஓமடா. றோட்டு இல்லாட்டிப் பொலிஸ் எப்பிடிப் போறது?"

பொலிஸ் போய்ச்சேர்ந்ததா என்று எண்ணுவதுதான் மிச்ச வேலை. கொம்பியூட்டரில் எலிக் கட்டியின் படங்கள்: சிவப்பாகக் குழாய், வெள்ளைப் புள்ளியாக நோயெதிர்ப்புக் கலம். குழாயை விட்டு வெளியே இறங்கின புள்ளிகளை எண்ணவேணும். இயந்திரமும் எண்ணும், ஆனால் இரண்டு மனுசர் தனித்தனியாக எண்ணி ஒத்துவந்தால்தான் உங்களுக்கு நித்திரை வரும். லிண்டாவிடம் கேட்டு என்னையும் எண்ண விட்டீங்கள்.

எது மருந்து கொடுத்த எலி, எது கொடுக்காத எலி என்று எண்ணுகிற ஆளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்கு விருப்பமானதைத்தான் பார்க்கும் என்பீங்கள். அதனால் நீங்கள் கொடுத்த மீன் பெயர்களை லிண்டா படங்களுக்கு வைத்தா: பாரை, சூரை, கணவாய், திருக்கை, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். எந்த மீன் எந்த எலி என்ற பட்டியலைத் தேடி நான் அலுமாரிக்குள் புகுந்தேன். ஒட்டின கவர் ஒன்று இருந்தது. உடைத்தால் உள்ளே: "கள்ளா, பட்டியல் லிண்டாவிட்டை. போய் எண்ணு."

முதல் கிழமை உண்மையிலேயே எண்ணினேன் மாமி. நீங்கள் சிவப்புக் கதிரையில், நான் கீழே நிலத்தில். யன்னலுக்கு வெளியே உள்துறைமுகம், எப்போதாவது ஒரு கப்பலின் ஊதல், சீனன்குடாப் பக்கம் இறங்குகிற விமானம். நீங்கள் விரலால் கதிரைக் கையில் தட்டித் தட்டி எண்ணுவீங்கள். நிறையப் புள்ளிகள் குழாயை விட்டு வெளியே நின்றால், மெதுவாக, உங்களுக்குள்ளேயே சொல்லுவீங்கள், "இறங்கிட்டாங்கள்." பரிசு விழுந்த முகம் மாதிரி இருக்கும். அந்தச் சொல்லை இப்போதும் நான் பஸ்ஸில் ஆட்கள் இறங்கும்போது வாய்க்குள் சொல்லிப்பார்க்கிறவன்.

இரண்டாம் கிழமை நஸீம் கடற்கரைக்குக் கிரிக்கெட் விளையாடக் கூப்பிட்டான்.

லிண்டா கட்டுரையோடு இன்னொன்றும் அனுப்பினா. நாங்கள் எண்ணி எழுதின தாளின் படம். உனக்கு ஞாபகமாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தா. இடது பக்கம் என்ர எண்கள், வலது பக்கம் உங்கட எண்கள். இடது பக்கத்தில் பாரை ஏழிலிருந்து கீழே அறுபது வரிக்கு ஒரே நேர்கோடு. வெட்டியிருந்தீங்கள்.

வெட்டினது சரிதான். அந்த அறுபதையும் நான் எண்ணாமலே எண்ணினேன். பத்து நிமிடம் இருந்து, பதினொன்று, முப்பத்தி நாலு, பதினெட்டு என்று வாயில் வந்ததை எழுதித் தந்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடினேன். நீங்கள் வாங்கிப் பார்த்து, "கெட்டிக்காரன்" என்றீங்கள். நானும் நம்பினேன்.

லிண்டா எழுதித்தான் எனக்கு ஒன்று தெரியவந்தது. எண்ணுகிறவர் ஒழுங்காக எண்ணுகிறாரா என்று பார்க்க, ஒரே படத்தை இரண்டு பெயரில் ஒளித்து வைப்பீங்களாம். பாரை ஏழும் சூரை பன்னிரண்டும் ஒரே படம். ஒன்றுக்குப் பதினொன்று போட்டிருக்கிறேன், மற்றதுக்கு முப்பத்தி நாலு. பக்கத்தில் உங்கட சின்னக் கையெழுத்தில்: "பயல் கடற்கரையில்."

அவ்வளவுதான். ஏச்சு இல்லை, கேள்வி இல்லை, வேப்பெண்ணெய்கூட இல்லை. அதுக்குக் கீழே அறுபது படத்தையும் நீங்களே இரண்டாம் தரம் எண்ணின திகதியும் நேரமும். அவற்றைப் பார்த்தபோதுதான் விளங்கினது. சாப்பிட்டுவிட்டு, "ஒரு கண் நித்திரை கொள்ளப்போறன்" என்று கதவைச் சாத்தின மத்தியானங்கள் அவை. டொக்டர் கட்டாயம் படுக்கவேணும் என்று சொன்ன மத்தியானங்கள். கடற்கரையிலிருந்து வந்து, மாமி நித்திரை என்று நான் நுனிக்காலில் நடந்த மத்தியானங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தீங்களா? ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை?

நேற்று ஓட்டோ அண்ணையைத் தேடிப்போய், எனக்கு ரிப்போட் வாசிக்கத் தெரியாது, மாமனாரைக் கிளினிக்குக்கே கூட்டிக்கொண்டு போங்கோ என்றேன். அவர் சிரித்துவிட்டு, "தலைகீழாப் பிடிக்கேக்கையே தெரியும் தம்பி. கிளினிக்குக்குப் போய்த்தான் வாறம்" என்றார்.

திங்கட்கிழமை மேடையில் அந்தத் தாளைப் பெரிதாகக் காட்டுவேன், வெட்டின கோட்டோடு. உங்கட பெயரால் வாக்குத் தருகிறேன். கதிரையின் காலுக்கு அப்பாவும் நானும் கம்பி வைத்துக் கட்டுகிறோம். லிண்டாவிடம் கேட்டு அந்த அறுபது படத்தையும் வாங்கி, நிலத்தில் என்ர பழைய இடத்தில் இருந்து எண்ணத் தொடங்கிவிட்டேன். பாரை ஏழில் எனக்கு இருபத்திரண்டு வந்தது. உங்களுக்கு இருபத்திமூன்று. அந்த ஒன்று எங்கே மாமி?

இன்னும் ஒன்று. அந்த நன்றி வரியை நான் ஒருவருக்கும் முழுதாக வாசித்துக் காட்டவில்லை. எண்ணினதுக்கு என்று அதில் எங்கேயும் இல்லை. 'நான் எண்ணியபோது கூட இருந்த என் மருமகனுக்கு' என்றுதான் இருக்கிறது.

அதுவும் சரியில்லை மாமி. கூட இருந்தது ஒரு கிழமைதான்.

இப்போது கூட இருக்கிற,
உங்கட மருமகன்
றொஷான்